பதிமூன்றாவது கட்டம்

சுயேச்சை என்றவுடன் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது தேர்தல்தான். வேட்பாளர் பட்டியலின் வால் பகுதியில் இருப்பார். கட்சி கிடையாது, கொடி கிடையாது, போஸ்டர் ஒட்ட ஆள் கிடையாது. தையல் இயந்திரமோ கிரிக்கெட் மட்டையோ சின்னமாகக் கிடைக்கும். எண்ணிக்கை முடியும்போது பெரும்பாலும் டெபாசிட் போயிருக்கும். தப்பித்தவறி ஜெயித்துவிட்டாலோ எல்லாக் கட்சிகளும் அவர் வீட்டு வாசலில் நிற்கும். எந்தப் பத்திரிகையின் சம்பளப் பட்டியலிலும் இல்லாமல் தன் பாட்டுக்குக் கார்ட்டூன் வரைகிறவரை 'சுயேச்சைக் கார்ட்டூனிஸ்ட்' என்று தமிழில் எழுதும்போது, இந்தப் பழைய உருவம் குறுக்கே வந்து நிற்கிறது. யோசித்துப் பார்த்தால் பொருத்தமில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

இந்தச் சுயேச்சைகளிடம் ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு பக்கத்தைப் பன்னிரண்டு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். மாதத்துக்கு ஒன்றாக, அந்த ஆண்டில் வரைந்தவற்றில் தமக்குப் பிடித்த படத்தை ஒவ்வொரு கட்டத்திலும் வைத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். கீழே நாலைந்து வரிகள் இருக்கும். எத்தனை படம் வரைந்தோம், எந்தப் புத்தகம் முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, மணிக்கட்டு வலியால் எத்தனை வாரம் போனது, காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு நன்றி. இந்தியாவில் மட்டுமல்ல, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனியாக வரைகிறவர்களிடம் இந்தப் பழக்கம் உண்டு.

இதைத் தற்பெருமை என்று ஒதுக்கிவிடலாம். கொஞ்சம் தற்பெருமையும் அதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இதற்குப் பின்னால் ஒரு நிஜமான தேவையும் இருக்கிறது. ஆர்.கே. லட்சுமண் 1947இல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் சேர்ந்தார். 1951இல் அவருடைய முதல் பக்கப் பாக்கெட் கார்ட்டூன் தொடங்கியது. கட்டம் போட்ட கோட்டு அணிந்த அந்தச் சாமானிய மனிதரைத் தேடுகிறவர்கள் பழைய பத்திரிகைத் தொகுப்புகளைப் புரட்டினால் போதும். தேதிவாரியாகக் கிடைப்பார். எந்தப் படம் எந்தச் செய்திக்கு மறுநாள் வந்தது என்பதுகூடப் பக்கத்திலேயே இருக்கும். லட்சுமண் தன் ஆண்டுக்குக் கணக்கு எழுத வேண்டியிருக்கவில்லை. பத்திரிகை அவருக்காக எழுதிக்கொண்டிருந்தது.

சுயேச்சைக்கு அந்த வசதி இல்லை. அவருடைய படம் ஒரு நாள் ஃபேஸ்புக்கில், ஒரு நாள் ஏதோ ஒரு இணையதளத்தில், ஒரு நாள் இருபது பக்கப் பிரசுரத்தில், ஒரு நாள் டீ-சர்ட்டில் வருகிறது. இணையதளம் மூடிப்போனால் படமும் போகிறது. தேதி போட்டு எடுத்துவைக்க நூலகர் இல்லை. ஆகவே ஆண்டு முடிவில் உட்கார்ந்து திரும்பிப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு அல்ல. மளிகைக் கடைக்காரர் பேரேட்டை மூடுவது போன்ற காரியம் அது. அவர் எழுதாவிட்டால் அந்த ஆண்டு எங்கேயும் பதிவாவதில்லை.

சரி, எதை எண்ணுவது? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

வாரத்துக்கு ஆறு பாக்கெட் கார்ட்டூன் வரைகிறவர் ஆண்டுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு என்று நிமிர்ந்து சொல்லலாம். ஒரு பெரிய கதையை வரைகிறவர் அந்த ஆண்டில் நாற்பது பக்கம் முடித்திருந்தால் அதுவே அதிகம். மஞ்சுளா பத்மநாபனின் 'சுகி' என்ற பெண் 1980களில் பம்பாயின் சண்டே அப்சர்வரில் வாரம் ஒருமுறை வந்தாள். 1990களில் தில்லியின் பயனியர் நாளிதழில் தினமும் வந்தாள். சுருட்டை முடி, வேலை செய்ய விருப்பமில்லாத சுபாவம், யாருக்கும் பாடம் சொல்லாத பேச்சு. பெரிய அரசியல்வாதி எவரும் அதில் தலைகாட்டுவதில்லை. எண்ணிக்கையை வைத்து மதிப்பிட்டால் தினசரி சுகிதான் பெரியவள். ஆனால் இந்தியப் பத்திரிகையில் ஒரு பெண் வரைந்த ஒரு பெண், யாருடைய மனைவியாகவும் மகளாகவும் இல்லாமல் தன் போக்கில் யோசிக்கலாம் என்று நிறுவியது அந்த வாரப் படம்தான்.

இன்னொரு கணக்கு ஒரிஜித் சென்னுடையது. நர்மதை அணைகளைப் பற்றிய போராட்டம் உச்சத்தில் இருந்தபோது அவர் அந்தப் பள்ளத்தாக்கை வைத்து ஒரு சித்திரக் கதை வரைந்தார். நகரத்திலிருந்து போகும் விஷ்ணு என்ற இளம் பத்திரிகையாளன், ஊரையும் காட்டையும் இழந்து நகரத்துக்கு வீட்டு வேலைக்கு வந்த ரெல்கு என்ற ஆதிவாசிப் பெண், ஆற்றின் பிறப்பைப் பாடும் ஒரு பாணன் ஆகிய மூவரும் அதில் வருகிறார்கள். 'தி ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்' என்ற அந்தப் புத்தகத்தை 1994இல் கல்பவிருட்சம் என்ற சூழலியல் அமைப்பு வெளியிட்டது. இந்தியாவின் முதல் கிராஃபிக் நாவல் என்று இன்று பலரும் அதைக் குறிப்பிடுகிறார்கள். வந்த காலத்தில் அப்படிச் சொல்ல ஆளில்லை. பிரதிகள் தீர்ந்தன. புத்தகம் ஆண்டுக்கணக்கில் கடைகளில் கிடைக்கவில்லை. மறுபதிப்பு 2022இல் வந்தது. பதிப்பித்தது சென்னையின் பிளாஃப்ட். இருபத்தெட்டு ஆண்டுகள்!

இதில் எந்த ஆண்டின் கட்டத்தில் அந்தப் புத்தகத்தை வைப்பது? வரைந்த ஆண்டிலா, அச்சான ஆண்டிலா, படிக்க ஆள் வந்த ஆண்டிலா? 1995 டிசம்பரில் ஒருவர் கணக்குப் பார்த்திருந்தால் அதைத் தோல்வி என்றுகூட எழுதியிருக்கலாம். ஒரிஜித் சென்னுக்கு வேறு ஊன்றுகோல் இருந்தது. 1990இலேயே அவரும் குர்ப்ரீத் சித்துவும் தில்லியில் பீப்பிள் ட்ரீ என்ற கடையைத் தொடங்கியிருந்தார்கள். துணி, டீ-சர்ட், கைவினைப் பொருள், புத்தகம் எல்லாம் விற்கும் கடை. சுயேச்சைகளின் வாழ்க்கையைப் பார்த்தால் அநேகமாக எல்லோரிடமும் இப்படி ஒரு கடை இருக்கும். ஒருவர் கம்பெனி விளம்பரத்துக்குப் படம் போடுவார். ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சிப் பட்டறை நடத்துவார். ஒருவர் நாள்காட்டி அச்சடித்து விற்பார். இப்போது வாசகர்களே மாதச் சந்தா கட்டும் ஏற்பாடும் வந்திருக்கிறது. கார்ட்டூன் வயிற்றை நிரப்புவதில்லை. கார்ட்டூனுக்கு நேரம் வாங்கித் தருவதற்காகவே மற்ற வேலைகள் நடக்கின்றன.

விற்பனைக்கு நினைக்காமல், காட்டுவதற்கும் நினைக்காமல் ஆண்டு முழுவதையும் வரைந்தவர் ஒருவர் உண்டு. மரியோ மிராண்டா. கோவாவின் லூடோலிம் கிராமத்துக்காரரான அவர், பத்திரிகை வேலை எதுவும் கிடைப்பதற்கு முன்னால், நாள்தோறும் டைரி வரைந்தார். எழுதினார் என்று சொல்லவில்லை, வரைந்தார். திருமண வீடு, தேவாலயத்துப் பாதிரியார், குடித்துவிட்டு வரும் நண்பர், மழை, சோம்பல் எல்லாம் படமும் சில வரிகளுமாக இருக்கும். 1949, 1950, 1951 ஆண்டுகளின் டைரிகள் பிற்காலத்தில் தனித்தனிப் புத்தகங்களாக வந்தன. பின்னாளில் பம்பாய்ப் பத்திரிகைகளில் நாம் பார்த்து ரசித்த கூட்டமும் சந்தடியும் அந்தப் பக்கங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆண்டு முடிவில் பன்னிரண்டு படங்களைத் தேர்ந்தெடுக்கும் சங்கடம் மரியோவுக்கு வரவில்லை. நல்ல நாளும் வெட்டி நாளும் ஒரே அளவு மரியாதையுடன் அந்த டைரியில் உட்கார்ந்திருக்கின்றன.

பன்னிரண்டு கட்டங்கள் தேர்வு. தேர்வு என்றால் விட்டுவிடுவதும்தான். விடுபட்டவற்றில் சுமாராக வந்த படங்கள் இருக்கும். அதில் தவறில்லை. ஆனால் கார்ட்டூனிஸ்டின் ஆண்டில் இன்னொரு வகைப் படமும் உண்டு. மனத்தில் உருவாகி, சில சமயம் பென்சிலில் பாதி வரையப்பட்டு, வெளியே வராமல் போனது. அதற்கு எந்த மாதத்திலும் இடமில்லை. எனக்கு அக்கறை அந்தப் படத்தைப் பற்றித்தான். அதற்கு ஒரே ஒரு ஆண்டை எடுத்துக்கொண்டால் போதும்.

அந்த ஆண்டு 1975. ஜூன் 25ஆம் தேதி இரவு நெருக்கடி நிலை வந்தது. செய்திக்கும் கட்டுரைக்கும் படத்துக்கும் முன்தணிக்கை வந்தது. தில்லியில் அப்போது இருந்த முக்கியமான கார்ட்டூனிஸ்டுகளில் மூவர் கேரளத்தில் பிறந்தவர்கள். சங்கர், அபு ஆபிரகாம், ஓ.வி. விஜயன். ஒரே ஆண்டு, ஒரே தணிக்கை. மூவரும் மூன்று விதமாக அதைச் சந்தித்தார்கள்.

சங்கர் மூத்தவர். ஹிந்துஸ்தான் டைம்ஸில் சம்பளத்துக்கு வரைந்து, பிறகு வெளியே வந்து 1948இல் சொந்தமாக 'சங்கர்ஸ் வீக்லி'யைத் தொடங்கியவர். தன்னையும் விட்டுவைக்க வேண்டாம் என்று நேரு அவரிடம் சொன்னது பிரசித்தம். சங்கரும் விட்டுவைக்கவில்லை. இந்தியாவின் அரசியல் கார்ட்டூனிஸ்டுகளில் ஒரு தலைமுறையே அந்தப் பத்திரிகையில் கை பழகியது. அபுவும் விஜயனும் அங்கே இருந்தவர்கள்தாம். 1975 ஆகஸ்ட் 31 தேதியிட்ட இதழோடு சங்கர் பத்திரிகையை நிறுத்தினார். சர்வாதிகாரத்தால் சிரிப்பைத் தாங்க முடியாது என்ற பொருளில் விடைபெறும் தலையங்கத்தை எழுதிவிட்டுக் கடையை மூடினார். வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஆண்டே, நெருக்கடி நிலை நடந்துகொண்டிருக்கும்போதே, அரசாங்கம் அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தது. வரைந்துகொண்டிருந்த சங்கரைவிட நிறுத்திவிட்ட சங்கருக்கு விருது கொடுப்பது எந்த அரசாங்கத்துக்கும் சௌகரியம்தான்.

விஜயன் அரசியல் கார்ட்டூன் வரைவதை நிறுத்திக்கொண்டார். பேனாவை வைத்துவிடுவது என்பது ஒரு கார்ட்டூனிஸ்டுக்கு எளிதான முடிவல்ல. கட்டுரையாளர் மௌனமாக இருந்தால் அவர் வேறு எதையோ எழுதிக்கொண்டிருப்பதாக ஊர் நினைத்துக்கொள்ளும். தினசரிக் கார்ட்டூனிஸ்டின் மௌனம் காலியான கட்டமாகத் தெரியும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஏதாவது விளம்பரம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அபு தொடர்ந்து வரைந்தார். இந்தியன் எக்ஸ்பிரஸில் வேலை. போதாததற்கு 1972 முதல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினர் வேறு. அரசாங்கத்துக்கு வேண்டியவர் என்று சந்தேகப்பட எல்லா முகாந்திரமும் இருந்தது. ஆனால் 1975 டிசம்பர் 10ஆம் தேதி வந்த அவருடைய படத்தை இன்றும் யாரும் மறக்கவில்லை. குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது குளியல் தொட்டியில் இருக்கிறார். கதவிடுக்கு வழியாக நீட்டப்பட்ட அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். இன்னும் இருந்தால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் என்கிறார். நாட்டின் மிக உயர்ந்த பதவி எந்த நிலைக்கு வந்துவிட்டது என்பதைச் சொல்ல அதற்கு மேல் ஒரு கோடு தேவைப்படவில்லை. தணிக்கையைத் தாண்டி அது எப்படி வந்தது என்பது இன்றுவரை ஆச்சரியம்.

தாண்டாதவையும் இருந்தன. அந்தப் படங்கள் தணிக்கை அதிகாரி அனுமதிக்கவில்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தன. அபு அவற்றைக் கிழித்துப் போடவில்லை, எடுத்து வைத்தார். நெருக்கடி நிலை விலகிய 1977இல் 'தி கேம்ஸ் ஆஃப் எமர்ஜென்சி' என்ற தொகுப்பில், வெளியானவற்றோடு திருப்பி அனுப்பப்பட்டவற்றையும் சேர்த்தார். என் பார்வையில், இந்தியக் கார்ட்டூனிஸ்ட் ஒருவர் தன் காலத்தைத் திரும்பிப் பார்த்ததில் அதுதான் நேர்மையான கணக்கு. வரவு ஒரு பக்கம், வராதது ஒரு பக்கம்.

அந்த முத்திரை விழுந்த படங்களில் ஒன்று மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பெரிய சோதனை. நகைச்சுவை உணர்வைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்றொடரில் வரும் 'சென்ஸ்' என்ற சொல்லை அபு 'சென்சார்' என்று மாற்றிவிட்டார். அவ்வளவுதான் நகைச்சுவை. தமிழில் நகைச்சுவை உணர்வு இருக்கிறது, தணிக்கையும் இருக்கிறது. இரண்டையும் எப்படி முடிச்சுப் போட்டாலும் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது. கார்ட்டூன் மொழிபெயர்ப்பில் இது தினசரித் தொல்லை. ஆங்கிலத்தில் ஆறு சொல்லில் அடங்கியது தமிழில் பலூனுக்கு வெளியே வழியும். சுருக்கினால் பொருள் போகும், விரித்தால் படம் மறையும். வேறு வழியில்லாமல் நகைச்சுவையை விட்டுவிட்டுத் தகவலை மட்டும் காப்பாற்றுகிறோம். ஆனால் ஒன்று. அந்த முத்திரையை மொழிபெயர்க்க எந்தக் கஷ்டமும் இல்லை. எல்லா மொழியிலும் அதற்கு ஒரே அர்த்தம்.

அந்த முத்திரைக்கு ஒரு நன்மையும் இருந்தது. அது சாட்சி. இந்தப் படம் இருந்தது, இந்த அதிகாரி மறுத்தார் என்று அதுவே சொல்லிவிடும். இன்றைய சுயேச்சைக்கு அந்தச் சாட்சி இல்லை. அவருக்கு ஆசிரியர் இல்லை, தணிக்கை அலுவலகம் இல்லை, ரப்பர் ஸ்டாம்ப் இல்லை. யாரையும் கேட்காமல் நள்ளிரவில்கூட வரைந்து வெளியிடலாம். சுதந்திரம் என்றால் இதுவல்லவா என்று தோன்றும். பாதி உண்மை.

மறு பாதிக்குச் சில உதாரணங்கள். கான்பூரைச் சேர்ந்த அசீம் திரிவேதி ஊழலுக்கு எதிரான தன் படங்களுக்கென்று நடத்திவந்த இணையதளம் 2011 டிசம்பரில் முடக்கப்பட்டது. 2012 செப்டம்பரில் மும்பையில் அவர் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். எதிர்ப்பு பலமானதும் மகாராஷ்டிர அரசு அந்தக் குற்றச்சாட்டிலிருந்து பின்வாங்கியது. நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்தது பற்றி ஃபேஸ்புக்கில் வெளியிட்ட படத்துக்காகக் கார்ட்டூனிஸ்ட் பாலா 2017 நவம்பரில் சென்னையில் கைதாகித் திருநெல்வேலிக்குக் கொண்டு போகப்பட்டார். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. குச்சி உருவங்களை மட்டுமே வைத்து 'சானிட்டரி பேனல்ஸ்' என்ற தொடரை 2014 முதல் வரைந்துவரும் ரசிதா தனேஜாமீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை தொடங்க 2020 டிசம்பரில் அட்டர்னி ஜெனரல் ஒப்புதல் கொடுத்தார். அதே மாதம் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. அந்த ஆண்டின் பன்னிரண்டாவது கட்டத்தில் அவர் வேறு எதை வைத்திருக்க முடியும்? 2024இல் ஜெனீவாவில் அவருக்கும் ஹாங்காங்கின் ஜுன்ஸிக்கும் கோஃபி அன்னான் பெயரிலான கார்ட்டூன் துணிச்சல் விருது கிடைத்தது.

இவர்கள் தெரிந்த பெயர்கள். வழக்கும் விருதும் இவர்களைப் பதிவு செய்துவிட்டன. கணக்கில் வராதவர்கள் இவர்களைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடிவைத்தவர்கள். பத்திரிகை ஊழியர்மீது வழக்கு வந்தால் பத்திரிகையின் வக்கீல் போவார். சுயேச்சைமீது வந்தால் அவரே போக வேண்டும். வேறு ஊரில் வழக்கு என்றால் ரயில் டிக்கெட், வக்கீல் ஃபீஸ், வேலை கெட்ட நாள், வீட்டிலிருப்பவர்களின் பயம் எல்லாம் சேரும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர் படத்தை வரையாமலிருப்பதற்கு எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. தணிக்கை அலுவலகம் அவருடைய மேசைக்கே குடிவந்துவிட்டது. முத்திரையும் விழுவதில்லை, தேதியும் விழுவதில்லை. டிசம்பரில் பார்த்தால் பன்னிரண்டு கட்டமும் அழகாக நிரம்பியிருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. வரையாத படமெல்லாம் தியாகம் ஆகிவிடாது. அடிபட்டவனை இன்னொரு முறை அடிக்கும் படத்தை ஒருவர் வரையாமல் விட்டால் அது கோழைத்தனம் அல்ல, விவேகம். வரைந்த படமும் காலத்தோடு வேறு அர்த்தம் கொள்ளும். அரசியல் சட்டம் எழுதும் வேலை தாமதமாவதைப் பற்றி 1949இல் சங்கர் ஒரு படம் வரைந்தார். அம்பேத்கர் நத்தைமேல் உட்கார்ந்திருக்கிறார், அவர் கையில் சாட்டை. பின்னால் நேருவின் கையிலும் சாட்டை. அன்று அது வாராவாரம் வருகிற கிண்டல்களில் ஒன்று. பள்ளிப் பாடப்புத்தகத்தில் சேர்க்கப்பட்டிருந்த அதே படம் 2012 மே மாதத்தில் நாடாளுமன்றத்தையே உலுக்கியது. மக்களவையில் அதைக் கிளப்பியவர்களில் நம் தொல். திருமாவளவனும் ஒருவர். பிரதமர் கையில் சாட்டையோடு அம்பேத்கருக்குப் பின்னால் நிற்பதை ஒரு தலித் மாணவர் எப்படிப் பார்ப்பார் என்ற கேள்வியை 1949இன் கார்ட்டூனிஸ்ட் தன்னிடம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். அமைச்சர் வருத்தம் தெரிவித்தார். பாடநூல் ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் பதவி விலகினார்கள். படத்தை நீக்கியது சரியா என்பதில் இன்றும் இரு கருத்து உண்டு. ஆனால் அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் படத்தை வேறு கண்ணால் பார்க்க ஆட்கள் வந்துவிட்டார்கள் என்பதில் இரு கருத்து இல்லை.

ஆகவே வரையாத படங்கள் இரண்டு வகை. வரையக் கூடாது என்று விட்டது ஒன்று. வரையப் பயந்து விட்டது மற்றொன்று. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், அதாவது ஒன்றுமே தெரியாது. எது எது என்பது வரைகிறவருக்கு மட்டும்தான் தெரியும். அவரும் எழுதி வைக்காவிட்டால் இரண்டொரு ஆண்டில் அவருக்கே மறந்துவிடும். பயந்து விட்டதையும் விவேகத்தால் விட்டதாக மனம் மாற்றி எழுதிக்கொள்ளும். மனித சுபாவம் அப்படி.

அதனால் சுயேச்சைக் கார்ட்டூனிஸ்டுகளுக்கு ஒரு யோசனை. ஆண்டுக் கடைசியில் பன்னிரண்டோடு நிறுத்தாமல் பதிமூன்றாவது கட்டம் ஒன்று போடுங்கள். அதில் படம் வேண்டாம். அந்த ஆண்டில் எத்தனை படங்களை மனத்திலேயே நிறுத்திக்கொண்டீர்கள் என்ற எண்ணிக்கை மட்டும் இருந்தால் போதும். முடிந்தால் எந்த மாதம் என்றும் எழுதலாம். எதைப் பற்றி என்று சொல்லத் தைரியம் வரும் ஆண்டில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். பூஜ்ஜியம் என்றால் பூஜ்ஜியம். வெறும் எண்ணுக்காக யார்மீதும் வழக்குப் போட முடியாது. பத்து ஆண்டுகள் கழித்து அந்தக் கட்டங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும் ஒருவருக்கு, நாடு எப்போது தாராளமாகச் சிரித்தது, எப்போது வாயைப் பொத்திக்கொண்டது என்பது வரைந்த படங்களைவிட அதில் நன்றாகத் தெரியும். அபு இரண்டு ஆண்டு பொறுத்து முத்திரைகளைக் காட்டினார். முத்திரை இல்லாத காலத்தில் எண்ணிக்கையையாவது காட்டலாம்.

இதெல்லாம் கார்ட்டூனிஸ்டுகளின் வேலை, நமக்கென்ன என்று வாசகர் இருந்துவிடவும் முடியாது. பெங்களூரில் எம்.ஜி. ரோடு அருகே 2007 முதல் இந்தியன் கார்ட்டூன் கேலரி என்று ஒன்று இருக்கிறது. கார்ட்டூனுக்கென்றே கண்காட்சிகள் நடக்கும் இடம். பல நகரங்களில் சுயேச்சைகள் கூடி மேசை போட்டுத் தாங்களே அச்சடித்த சித்திரப் புத்தகங்களை விற்கிறார்கள். அங்கே போய்ப் புரட்டிப் பார்த்து, பிரமாதம் என்று சொல்லி, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவது நம் வழக்கம். இன்ஸ்டாகிராமில் ஒரு இதயத்தை அழுத்திவிட்டால் கடமை முடிந்தது. அந்த இதயத்தை வங்கியில் மாற்ற முடியாது, வக்கீலும் வாங்கிக்கொள்ள மாட்டார். அடுத்த டிசம்பரில் பன்னிரண்டு கட்டங்கள் கண்ணில் படும்போது, வரையாமல் விட்டது எத்தனை என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுவிட்டு ஒரு நாள்காட்டியோ புத்தகமோ வாங்குங்கள்.

தேர்தலில் டெபாசிட்டைக் காப்பாற்றச் சுயேச்சைக்கு, செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். சுயேச்சைக் கார்ட்டூனிஸ்டுக்கு அவ்வளவெல்லாம் தேவையில்லை. காசு கொடுத்து வாங்கி, வராத படத்தைப் பற்றியும் விசாரிக்கிற சில நூறு பேர் இருந்தால் அவர் அடுத்த ஆண்டையும் ஓட்டிவிடுவார்.